மூப்பரின் மாற்றல்

கொல்லம் ஆண்டு 1111, கன்னி மாதத்தில், அதாவது புரட்டாசியில், எங்கள் மிருகசாலையில் நடந்த மாறுதல்கள் பின்வருமாறு. புள்ளிமான் ஒன்று குட்டி போட்டது. வெளியூரிலிருந்து ஒரு ஜோடி நீர்நாய் வந்தது. அதில் ஒன்று வந்த அன்றே வேலிக்கடியில் தோண்டிக்கொண்டு போய் ஒரு வக்கீல் வீட்டுக் கிணற்றில் இறங்கிவிட்டது, வக்கீல் மூன்று நாள் குளிக்கவில்லை. சிங்கம் செத்துப்போயிற்று.

இதையெல்லாம் எழுதுகிறவன் நான்தான். பெயர் வெங்கடசுப்ரமணியன், ஹெட் கிளார்க், வீடு கரமனை. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மிருகங்களின் ஸ்டேட்மெண்ட் தயாரித்து செக்ரட்டேரியட்டுக்கு அனுப்புகிறேன். பிறப்பு, இறப்பு, மாற்றல் என்று அதில் மூன்று பத்தி. மாமிச நாற்றம் எனக்கு ஆகாததால் அந்தச் சிங்கத்தை மொத்தம் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் தினமும் காலை பத்தேகாலுக்கு அது ஒரு தடவை கர்ஜிக்கும். அதற்குள் வராத குமாஸ்தாவுக்குச் சிவப்பு மை போடுவேன். எங்கள் உத்தியோக சம்பந்தம் அவ்வளவுதான்.

அன்று பத்தேகாலுக்குச் சத்தம் வரவில்லை. பத்தரைக்கு நேசமணி வந்து ஆபீஸ் வராந்தாவில் நின்றான். பாறசாலைப் பக்கத்து ஆள், சிங்கத்தைப் பராமரிக்கிறவன். அவன் போகிற கிறிஸ்தவ சபையில் முன்வரிசை மூப்பர் மாதிரி ஒருத்தரையும் மதிக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று அதற்கு மூப்பர் என்றே பேர் வைத்திருந்தான்.

“மூப்பரு செத்துப்போனாரு சாமி. எனக்கு இண்ணைக்கு ஒரு நாளு லீவு வேணும்.”

“சிங்கம் செத்தா உனக்கு எதுக்கு லீவு?”

“கொஞ்சம் தனியா இருக்கணும் சாமி.”

லீவு கொடுக்குமுன் ஆளின் ஃபைலைப் பார்ப்பது என் வழக்கம். பார்த்தேன். அவனுடைய நியமன உத்தரவில், ‘மிருகசாலையில் சிங்கம் இருக்கும் காலம் வரை’ என்று எவனோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்தான். புதுச் சிங்கம் வாங்கக் கூடாது என்று போன மாதம்தான் சிக்கன உத்தரவு வந்திருந்தது. வருஷக் கடைசியில் கர்க்கடகம், அதாவது ஆடி, முடிந்தால் நேசமணிக்கு முப்பது வருஷ சர்வீஸ், பென்ஷன் உண்டு. அதற்கு ஒரு நாள் முன்னால் வேலை போனாலும் வெறுங்கை. பாக்கி இன்னும் பத்து மாதம்.

நான் தர்மிஷ்டன் இல்லை. அந்தச் சிக்கன உத்தரவை எழுதியவன் செக்ரட்டேரியட்டில் இருக்கிற சுந்தரராமன், என் ஷட்டகன், மச்சினியின் புருஷன். ஆவணி அவிட்டத்துக்கு ஆவணி அவிட்டம், “இன்னும் குரங்கு எண்ணிண்டுதான் இருக்கயா?” என்று நாலு பேர் முன்னால் கேட்பான். அவன் உத்தரவை எப்படியாவது கவிழ்க்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. இரக்கம் வந்ததெல்லாம் பிற்பாடு.

“நேசமணி, சிங்கம் சாகல்லை. கேட்டையா?”

அவன் என்னைப் பார்த்தான்.

“பெரிய மிருகம் எது போனாலும் தோலைப் பாடம் பண்ணி, உள்ளே வைக்கோல் அடைச்சு அடுத்தாப்பல மியூசியத்திலே வைக்கறா. ஒரே காம்பவுண்டு, ஒரே டைரக்டர். இங்கேர்ந்து அங்கே போறது, அவ்வளவுதானே? மாற்றலாக்கும். சிங்கம் இருக்கு, அதனாலே நீயும் இருக்கே. இனிமே செத்துப்போச்சுன்னு வாய் தொறக்கப்படாது. ஒன் பொண்டாட்டிகிட்டக்கூட.”

“லீவு, சாமி?”

“லீவுக்குக் காரணம் எழுதணுமே? என்னன்னு எழுதுவே?”

“அப்பம்னா லீவு வேண்டாம் சாமி,” என்று சொல்லிவிட்டுப் போய்க் காலிக் கூண்டைக் கழுவ ஆரம்பித்தான்.

மூன்றாவது பத்தியில் ‘சிங்கம் ஒன்று, மியூசியத்துக்கு’ என்று எழுதி, பதினோரு பாராவில் இங்கிலீஷில் ஒரு நோட்டும் சேர்த்து அனுப்பினேன். சுந்தரராமன் லேசுப்பட்டவனா? மாற்றல் பூர்த்தியாகும்வரை வேலை நீடிக்கலாம் என்றான். சிங்கத்தை ஒப்படைத்த ஆளே மியூசியத்தில் அதைப் பரிசோதித்து, அதே சிங்கம்தான் என்று கையெழுத்துப் போட்டதும் மாற்றல் பூர்த்தி. இரண்டு மாதத்தில் கதை முடியும் என்பது அவன் கணக்கு.

பாடம் பண்ணுகிறவர் தாணுலிங்கம் பிள்ளை, சுசீந்திரத்துக்காரர். சர்க்கார் உத்தியோகஸ்தர்தானே, நிதானமாகச் செய்வார் என்று நம்பினேன். மனுஷர் ராப்பகலாக வேலை செய்து தனு மாதம் பத்தாம் தேதியே மார்கழியிலேயே முடித்துத் தொலைத்தார்.

“ஏதாவது குத்தம் கண்டுபிடி,” என்றேன் நேசமணியிடம்.

“பொய் சொல்ல மாட்டேன் சாமி. உள்ளதைச் சொல்லுவேன்.”

எனக்கு வந்த கோபத்தில் மைக்கூட்டைத் தட்டிவிட்டேன். ஒருத்தனுக்காக இங்கே ராஜாங்கத்தையே எதிர்த்து நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், இவனுக்கு மனசாட்சி கேட்கிறது! போனவன் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினான்.

“அது அவரில்ல சாமி.”

பின்னாலேயே தாணுலிங்கம் பிள்ளை குதித்துக்கொண்டு வந்தார். “என்ன ஓய் அவரில்ல? தோல் நீரு குடுத்த தோல்தானவே?”

“வாயைப் பொளந்துல்லா நிக்காரு. அவரு அப்படி நிக்க மாட்டாரு. வாயில அம்புட்டுப் பல்லும் கெடையாது. எடது பக்கம் ஒண்ணே ஒண்ணு. எறச்சியைக் கொத்தித்தான் குடுப்பேன்.”

“பல்லு இல்லாத சிங்கத்தை எவம்வே பாக்க வருவான்? பதினாலு நாளு உக்காந்து செஞ்ச பல்லு!”

“வாயைத் தொறக்கது காலையில ஒரு தடவைதான். நான் எறச்சிப் பாத்திரத்தோட வாறதைக் கண்டா ஒரு சத்தம் குடுப்பாரு. அதும் படுத்துக்கிட்டுதான்.”

அதுநாள்வரை அந்தச் சத்தம் குமாஸ்தாக்களுக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவன் சொன்னதை நம்பர் போட்டு எழுதி அனுப்பினேன். டைரக்டர் சிவப்புப் பென்சிலால் ‘சரி செய்க’ என்று எழுதினார். வாயை மூடவும் பல்லைப் பிடுங்கவும் கும்ப மாதம், மாசி, ஆயிற்று. நின்ற சிங்கத்தைப் படுக்க வைக்க மேட மாதம், சித்திரை. அப்புறம் இடது காது. சின்ன வயசிலிருந்தே மடங்கின காதாம், இவர் விறைப்பாக நிறுத்தியிருந்தார். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது, தோல் காயவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் நேசமணி போய் நிற்பான், பார்ப்பான், “அவரில்ல சாமி,” என்பான். ஒன்றும் பொய்யில்லை. கல்கத்தாவிலிருந்து பளபளவென்று ஒரு ஜோடிக் கண்ணாடிக் கண் வந்தது. மூப்பருக்கு வலது கண்ணில் பூ விழுந்திருந்ததாம். தாணுலிங்கம் பிள்ளை அதையும் தேய்த்து மங்கலாக்கினார். இதற்குள் அவர் சண்டை போடுவதை விட்டிருந்தார். மத்தியானங்களில் அவரே காலிக் கூண்டுக்குப் போய், “முன்னங்காலை எப்படி வேய் மடக்குவாரு?” என்று கேட்டுக்கொண்டு திரும்புவார்.

ஒரு கல்யாணத்தில் சுந்தரராமன் என்னைப் பந்தியிலேயே பிடித்துக்கொண்டான். “என்னடா, ஒன் சிங்கம் இன்னும் போய்ச் சேரல்லையா? நூறு கஜம்தானே?”

“வழியிலே இருக்கு,” என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டேன்.

கர்க்கடகம் கடைசி நாள் மத்தியானம் கையெழுத்துத் தாளை நானே எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது தடவையாக அந்தச் சிங்கத்தைப் பார்த்தேன். வாயை மூடி, ஒரு காது மடங்கி, முன்னங்காலை உள்ளே வாங்கிக்கொண்டு, ஒருத்தரையும் மதிக்காமல் படுத்திருந்தது. மியூசியம் பார்க்க வந்த ஒரு குடும்பம், தூங்குகிறதாக்கும் என்று எட்டி நடந்து போயிற்று. தாணுலிங்கம் பிள்ளை தள்ளி நின்று துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

நேசமணி சுற்றி வந்து பார்த்தான். அப்புறம் தாளை வாங்கி, ஜன்னல் விளிம்பில் வைத்து, மெதுவாக, தமிழில் கையெழுத்துப் போட்டான்.

“சர்வீஸ் முடிஞ்சாச்சா சாமி?”

“இன்னியோட முப்பது வருஷம் பூர்த்தி.”

“பென்ஷன் உறப்பா?”

“உறப்பு. இனிமே பிரம்மா வந்தாலும் தடுக்க முடியாது.” எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆவணி அவிட்டத்தன்று சுந்தரராமன் முகத்தை மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். “சொல்லு நேசமணி, இப்போ அவரேதானே?”

அவன் பேனாவை என்னிடம் கொடுத்தான்.

“இனி நான் வாய் தொறக்கலாமா சாமி?”

“தாராளமா.”

“மூப்பரு செத்துப்போனாரு சாமி.”

சொல்லிவிட்டு மியூசியம் தரையில் உட்கார்ந்தான். ஐம்பத்தைந்து வயசு ஆள், தலையில் கையை வைத்துக்கொண்டு சத்தமாகவே அழுதான். பத்து மாதமாக ஒரு நாள்கூட லீவு கொடுக்காமல், கூப்பிட்டபோதெல்லாம் அதன் எதிரே போய் நின்று இது இல்லை, இது இல்லை என்று சொல்ல வைத்தவன் நான். வெட்கமாக இருந்தது. தாணுலிங்கம் பிள்ளை போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எனக்கு உட்காரத் தெரியவில்லை, நின்றுகொண்டிருந்தேன்.

ஆபீசுக்குத் திரும்பி வந்து மாத ஸ்டேட்மெண்டை எழுதினேன். பிறப்பு, இல்லை. மாற்றல், இல்லை. இறப்பு என்ற பத்தியில் ‘சிங்கம் ஒன்று’ என்று எழுதி, அன்றைய தேதியையே போட்டேன். ஒரே சிங்கம் எப்படி மாற்றலாகிப் பத்து மாதம் கழித்துச் செத்தது என்று சுந்தரராமன் விளக்கம் கேட்பான். கேட்கட்டும்.