மூன்றாவது வளைவில் சிரிக்கவும்

வண்டி மூன்றாவது வளைவைத் தாண்டியதும் திரையில் நான்கு முகங்கள் விழுந்தன. நான்கும் வாயைத் திறந்திருந்தன. போட்டோக்காரி அந்தப் படத்தை அழித்தாள். அடுத்த பெட்டியில் ஒரு குடும்பம். மூன்று பேர் ஒழுங்காக மாஸ்க் போட்டிருந்தார்கள். அப்பா மட்டும் தன்னுடையதைத் தாடைக்கு இறக்கிவிட்டு, பல் டாக்டரிடம் காட்டுவது போல முப்பத்திரண்டையும் காட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் பல்லுக்காக நான்கு பேர் படமும் போயிற்று.

காலையிலிருந்து அழித்தது முப்பத்தொன்று. விற்றது இரண்டு.

ரோலர் கோஸ்டரிலிருந்து இறங்கி வரும் வழியில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சுவிட முடியாத ஒரு மரப்பெட்டி. அதுதான் அவளுடைய கவுண்டர். ஒரு திரை, ஒரு பிரிண்டர், அட்டைச் சட்டங்கள் ஒரு கட்டு, விலை எழுத ஒரு மார்க்கர் பேனா. தொற்று காரணமாக எட்டு மாதம் மூடிக் கிடந்த கேளிக்கைப் பூங்கா திறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவள் கணவனின் சுற்றுலா வேனுக்கு இன்னும் ஒரு சவாரிகூட வரவில்லை. அவன் தினமும் அதைக் கழுவிக் கழுவிப் பெயின்ட் வெளுத்துப்போயிருந்தது. வீட்டு வாடகை இப்போது இந்த மரப்பெட்டியிலிருந்துதான் வரவேண்டும்.

மேனேஜருக்கு வேலையாட்கள் வைத்த பெயர் சுற்றறிக்கை. காலையில் ஒன்று ஒட்டாவிட்டால் அவருக்குக் காபி இறங்காது. திறந்த அன்று அவர் ஒட்டியது இது: சவாரியின்போது முகக்கவசம் கட்டாயம், வாயோ மூக்கோ தெரியும் படத்தைக் காட்டவோ விற்கவோ கூடாது. ஒட்டிய கையோடு அவளிடம் திரும்பினார்.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். நாளுக்கு அறுபது படம் விக்கணும். இல்லன்னா கவுண்டரை மூடச் சொல்லி மேலிடத்து உத்தரவு."

"அறுபதா? கூட்டத்தையே பாதிதான் சார் உள்ள விடுறீங்க. இருபத்தஞ்சு."

"அம்பது."

"முப்பது. வர்றவங்களுக்கு மூஞ்சியே இல்ல சார். எதைக் காட்டி விக்கிறது?"

"நாப்பது. இதுக்கு மேல பேசினா அறுபதுக்கே போயிடுவேன்."

கழுத்தை அறுத்துவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டு அவள் ஒத்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வரைக்கும் போகலாம் என்று நினைத்திருந்தாள். மாஸ்க்குக்குள் சிரித்தது அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் நாற்பதும் நடக்கவில்லை. ஏறும்போது எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். இறங்கும்போதும் போட்டிருந்தார்கள். படத்தில் மட்டும் எல்லோருக்கும் வாய் இருந்தது. முதல் நாள் காற்று என்று நினைத்தாள். காற்றுக்கு மாஸ்க்கைக் கழற்றத் தெரியும். மறுபடி காதில் மாட்டிவிடத் தெரியாதே என்று நான்காம் நாள்தான் தோன்றியது. கவுண்டரில் 'ஐந்து நிமிடத்தில் வருவேன்' அட்டையைத் தொங்கவிட்டு ஏறும் மேடைக்குப் போனாள்.

மேடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் லிவர் அண்ணன் இருந்தார். லிவரைக் கழற்றிவிட்டுப் பட்டன் வைத்து வருடம் நாலாகிவிட்டது. பெயரை யாரும் கழற்றவில்லை. பச்சைப் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு மைக்கில் முழங்கினார்.

"கம்பியைக் கெட்டியா புடிச்சுக்குங்க! செல்போனை உள்ள வைங்க! பயப்பட ஒண்ணுமில்ல! மூணாவது வளைவுல கேமரா இருக்கு, அங்க நல்லா பல்லைக் காட்டிச் சிரிங்க! மறுபடி சொல்றேன், மூணாவது வளைவு!"

வண்டி கடகடவென்று கிளம்பியது. அவள் கூண்டின் கண்ணாடியைத் தட்டினாள்.

"அண்ணே!"

"வாம்மா. கேட்டியா? உன் கவுண்டரை மூடப் போறாங்கன்னு சொன்னாங்க. மனசு கேக்கல. அதான் நாலு நாளா ரெண்டு தடவை சொல்றேன்."

"நீங்க ரெண்டு தடவை சொல்லித்தாண்ணே நான் நடுத்தெருவுக்கு வரப்போறேன். பல்லைக் காட்டுன்னா மாஸ்க்கை இறக்காம எப்படிண்ணே காட்டுவாங்க?"

அவர் மைக்கைக் கையால் மூடினார். மைக் ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

"அட ஆமா!" என்றார். "ஆறு வருஷப் பழக்கம்மா. பட்டனைத் தொட்டா வாய் தானா ஓடுது."

"பழக்கத்தை விட வேணாம். அஞ்சாவது வளைவுன்னு மாத்திச் சொல்லுங்க."

"அங்க கேமரா இல்லையே."

"இல்லாததனாலதான் சொல்லச் சொல்றேன்."

"ஆறு வருஷத்துல இந்த மைக்ல நான் ஒரு பொய் சொன்னதில்லம்மா."

"பயப்பட ஒண்ணுமில்லன்னு தினம் சொல்றீங்களே, அது என்ன கணக்குல சேத்தி?"

லிவர் அண்ணன் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அன்று மதியத்திலிருந்து ஐந்தாவது வளைவில் இருந்த ஒரு துருப்பிடித்த இரும்புத் தூணைப் பார்த்து ஊரே பல்லைக் காட்டியது. மூன்றாவது வளைவில் எல்லோரும் மாஸ்க்கோடு, தயாராவதற்கு நேரமில்லாமல், கண் பிதுங்கி விழுந்தார்கள். அழிக்க ஒன்றுமில்லை. விற்கவும் ஒன்றுமில்லை என்பது அடுத்த அரைமணியில் தெரிந்தது.

"இதுல நான் எங்க?" என்றார் தொப்பி போட்ட ஒருவர், திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து.

"நீல மாஸ்க், அதுதாங்க நீங்க," என்றாள் அவர் மனைவி.

"எங்கம்மாவும் நீலம்தானே போட்டிருந்தாங்க?"

"தெரிஞ்சுதான் பக்கத்துல உக்காரவெச்சேன். ரெண்டு பேருக்கும் ஒரே முழி."

"எவன் மூஞ்சின்னே தெரியல, இதுக்குக் காசு வேறயா? வா போலாம்."

போகிற வாடிக்கையாளரின் முதுகைப் பார்க்க அவளுக்குப் பிடிக்காது. படத்தை அச்சடித்து எடுத்து, விலை எழுதும் மார்க்கரைத் திறந்து, தொப்பிக்காரரின் மாஸ்க் மேல் ஒரு பெரிய வட்டத்தைப் போட்டு உள்ளே இரண்டு பல்லை வைத்தாள்.

"இப்பத் தெரியுதா சார், யாருன்னு?"

அவருடைய மகள்தான் முதலில் சிரித்தாள். "அப்பா கத்தினது அப்படியே இருக்கு! மீசை விட்டுப்போச்சு, பேனா குடுங்க."

"நீங்களே வரைங்கம்மா. படம் வாங்கினா பேனா சும்மா. யாருக்கு எந்த வாய் வேணுமோ போட்டுக்கலாம்."

பேனா கை மாறியது. மகள் அப்பாவுக்கு மீசை போட்டாள். அவர் மனைவி மாமியாரின் வாயை ஒரே ஒரு நேர்கோடாகப் போட்டாள். சிறிது நேரம் அதை ரசித்துவிட்டு, "இன்னொரு காப்பி குடுங்க," என்றாள்.

பின்னால் நின்ற கும்பல் எட்டிப் பார்த்தது. அன்று மாலைக்குள் பேனா தீர்ந்துவிட்டது. அடுத்த நாள் சுற்றறிக்கை வந்தது: ஒவ்வொருவர் வரைந்த பின்பும் பேனாவைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். அவள் துடைத்தாள். ஏழு பேனா வாங்கி வரிசையாக நிறுத்தியும் வைத்தாள், சொந்தச் செலவில்.

அதன் பிறகு சுற்றறிக்கைக்குக் கொண்டாட்டம். இரண்டாம் வாரம் திறந்தவெளியில் முகக்கவசம் அவரவர் விருப்பம், கூரைக்குக் கீழே கட்டாயம் என்றார். வரிசை கூரைக்குக் கீழே, சவாரி வானத்துக்குக் கீழே, இறங்குமிடம் மறுபடியும் கூரை. ஜனங்கள் மாட்டிக்கொண்டு ஏறி, கழற்றிவிட்டு அலறி, மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். லிவர் அண்ணன் நிம்மதியாக மூன்றாவது வளைவுக்குத் திரும்பினார். மதியம் இன்னொரு தாள் வந்தது: வானமானாலும் கட்டாயம். அவர் ஐந்தாவது வளைவுக்குப் போனார். மறுநாள் காலை மறுபடி மூன்று.

"அம்மா தாயே," என்றார் அவர், கூண்டிலிருந்து எட்டி. "இன்னிக்கி உண்மையா பொய்யான்னு காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லிடு. தொண்டை தாங்கல."

வாய் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அவள் கவுண்டரில் கூட்டம் குறையவில்லை. மாஸ்க் இருந்தால் வாய் வரைந்தார்கள். இல்லாவிட்டால் கொம்பு வரைந்தார்கள். ஐம்பத்திரண்டு. அறுபத்தொன்று. ஒரு ஞாயிறு தொண்ணூறு. படத்துக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. வாடகை கொடுத்தது போக வேனுக்கு ஒரு வாளி பெயின்ட்டும் வந்தது.

"வேன்ல முன்னாடி ஒரு வாய் வரைஞ்சு குடேன், சவாரி வரும்," என்றான் கணவன்.

மூன்றாம் வாரம் வந்த தாள் சிறியது. வருகையாளருக்கு முகக்கவசம் எங்கும் தேவையில்லை. ஊழியருக்கு எங்கும் கட்டாயம்.

மாதக் கடைசி நாள் மேனேஜர் தானே வந்தார். பின்னால் இரண்டு பேர், ஆள் உயரப் பெட்டி ஒன்றைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

"நாப்பது கேட்டேன், அறுபதைத் தாண்டிட்டீங்க. மேலிடத்துல உங்களைப் பத்தித்தான் பேச்சு," என்றார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "கவுண்டரை மூடல. பெருசாக்குறோம். பாருங்க."

அட்டையைப் பிரித்தார்கள். தொடுதிரை வைத்த எந்திரம். விரலால் படத்தைத் தேர்ந்தெடுக்கலாம், விரலாலேயே வாய் வரையலாம், மீசை, கொம்பு எல்லாம் உள்ளேயே இருந்தன. காசு போட ஒரு துளை, படம் வர ஒரு துளை.

"உங்க ஐடியாதான்," என்றார் மேனேஜர். "துடைக்கவும் வேணாம், பேனாவும் வேணாம்."

"அப்ப நானு?"

"உங்களை யாரு போகச் சொன்னா? வாசல்ல போர்டு புடிக்க ஆள் வேணும். அதே சம்பளம்."

"கமிஷன்?"

"போர்டுக்கு ஏதுங்க கமிஷன்?"

"சரி, ஒரு நாற்காலி."

"உக்காந்தா போர்டு தெரியாது."

"குடை?"

"குடை குடுத்தா போர்டை எந்தக் கையில புடிப்பீங்க?"

தொப்பியில் பேரம் படிந்தது. அவள் வாழ்க்கையில் இவ்வளவு குறைவாகப் படிந்த பேரம் வேறில்லை.

மறுநாள் காலை வாசலுக்குப் போகும் வழியில் லிவர் அண்ணன் அவளை நிறுத்தி, மிச்சமிருந்த மார்க்கரை வாங்கி, அவள் மாஸ்க் மேல் காதிலிருந்து காது வரை ஒரு வாயை வரைந்து மூன்று பல்லையும் வைத்தார்.

"அழியாத மை," என்றார். "வாசல்ல நிக்கிறவங்க சிரிச்ச முகமா இருக்கணும்னு இன்னிக்கி தாள்ல போட்டிருக்கு."

"நல்லா வரையறீங்கண்ணே. நம்மகிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா பார்ட்னரா சேத்திருப்பேன்."

இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டிய போர்டு. வருகையாளருக்கு முகக்கவசம் தேவையில்லை, நல்வரவு. பதினொரு மணிக்கு வெயில் தொப்பியின் விளிம்புக்குள் வந்தது. ஒரு குடும்பம் அவளருகே நின்றது.

"அக்கா, எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா? உள்ள அந்த மெஷின்ல கொள்ளை விலையாம்."

அவள் போர்டைக் கம்பியில் சாய்த்துவிட்டு செல்போனை வாங்கினாள். நெட்டையான தம்பியைப் பின்னால் போகச் சொன்னாள். மாமியாரை நடுவில் இழுத்தாள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்றவர்களைத் திருப்பினாள். உள்ளேயிருந்து ஒலிபெருக்கி கேட்டது: மூணாவது வளைவுல கேமரா இருக்கு, நல்லா பல்லைக் காட்டிச் சிரிங்க.

"சொல்றாருல்ல, சிரிங்க," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல படம். நாலு காப்பி போயிருக்கும்.

"போர்டைக் கீழ வைக்கக் கூடாது!" செக்யூரிட்டி விசில் ஊதினான்.

செல்போனைக் கொடுத்துவிட்டு அவள் போர்டைத் தூக்கினாள். மாஸ்க்குக்குள் வியர்வை மூக்கிலிருந்து உதட்டுக்கு இறங்கியது. துடைக்கக் கை இல்லை. குடும்பத்துச் சின்னப் பெண் போகிறபோக்கில் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"அம்மா, அந்த அக்கா நம்மளப் பாத்து சிரிச்சுக்கிட்டே இருக்காங்க."

பிள்ளை கையசைத்தது. அவளுக்கு அசைக்கவும் கை இல்லை. போர்டை ஒரு முறை மேலே தூக்கி இறக்கினாள்.