பெரியவரின் முன்னுரை

அன்று மாடி அறையில் இருந்தவர்கள் இவர்கள்: பூட்டுக் கம்பெனியின் தலைவரான பெரியவர், கதவோரம் முக்காலியில் அவர் மனைவி, அண்ணன் எதைச் சொன்னாலும் கூடவே ஊதுவதால் பட்டறையில் ‘ஒத்து’ என்று பெயர் வாங்கியிருந்த நடுத்தம்பி, வீட்டில் எல்லாரும் ‘சின்னவள்’ என்று கூப்பிட்ட, இறந்துபோன கடைசித் தம்பியின் மனைவி, வெளியிலிருந்து வரவழைத்த இணையதள நிபுணர். சுவரில் படமாகத் தொங்கிய அப்பாவையும் பெரியவர் கணக்கில் சேர்த்துக்கொள்வார். வேறு யாரும் இல்லை. ‘நானும் அங்கே இருந்தேன்’ என்று பின்னால் சொல்லித் திரிந்தவர்கள் யாரும் அந்தப் படியில்கூடக் கால் வைக்கவில்லை.

கூடியதற்குக் காரணம் இருந்தது. கம்பெனியின் இணையதளத்தில் பூட்டுக்கு ஒரு பக்கமாக ஏராளமான பக்கங்கள் இருந்தன. இணையத்தில் தேடுகிறவர் கண்ணில் அவற்றில் ஒன்றும் படுவதில்லை. பட்டது ஒரே ஒரு பக்கம். அது கடைசித் தம்பியுடையது. கம்பெனியின் பெயரைத் தட்டினால்கூட, பெரியவரின் முகத்துக்குப் பதிலாகச் செத்த தம்பியின் கைகள் படமாக வந்து நின்றன. வியாபாரிகள் கூட்டத்தில் ஒருவர் ஃபோனை நீட்டி, “கம்பெனியை ஆரம்பிச்சவர் உங்க தம்பியா?” என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பெரியவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நிபுணர் சுற்றி வளைக்காமல் சொன்னார். தேடுபொறி எல்லாப் பக்கத்தையும் வந்து பார்க்கத்தான் செய்கிறது. பார்த்துவிட்டுப் பட்டியலில் சேர்க்காமல் போய்விடுகிறது. ஏனென்றால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தொடங்குகிறது.

எல்லாப் பக்கத்தின் தொடக்கத்திலும் நின்றது பெரியவரின் முன்னுரை. பெரியவர் பேசி முடிக்காமல் அந்த வீட்டில் இன்னொருவர் வாய் திறப்பதில்லை. அப்பா காலத்திலிருந்து அதுதான் முறை. இணையதளம் வந்தபோதும் அவர் முறையை விட்டுக்கொடுக்கவில்லை. வாசல் பூட்டானாலும் பெட்டிப் பூட்டானாலும், முதலில் குடும்பத்தின் பெருமை, அப்பாவின் உழைப்பு, பெரியவரின் நேர்மை. அதையெல்லாம் தாண்டி மூச்சு வாங்கி வந்தால், அடியில் இரண்டே வரியில் பூட்டு.

“லைப்ரரியில ஒரே புஸ்தகம் நூறு பிரதி இருந்தா, ஒண்ணை அலமாரியில வச்சிட்டு மிச்சத்தைக் குடோன்ல தள்ளிடுவாங்கல்ல? அதுதான் சார் நடக்குது,” என்றார் நிபுணர். “முன்னுரையை ஒரு பக்கத்துல மட்டும் வச்சிக்கலாம். மத்ததுல அந்தந்தப் பூட்டைப் பத்தி எழுதுவோம். மேடம் எழுதியிருக்காங்களே, அந்த மாதிரி.”

மேடம் என்றது சின்னவளை. கதவோரம் பெரியவர் மனைவியின் முக்காலி கிறீச்சிட்டது.

கடைசித் தம்பி படுக்கையில் விழுந்தபோது கை எழும்பவில்லை, வாய் மட்டும் ஓயவில்லை. சாவி பூட்டுக்குள் முறிந்தால் எப்படி எடுப்பது, துரு ஏறி இறுகினதை எப்படி இளக்குவது, எந்த இடத்தில் தட்டவே கூடாது என்று சொல்லிக்கொண்டே கிடந்தான். சின்னவள் அதை அவன் பேச்சு மாறாமல் எழுதினாள். அவன் போன பிறகு ஒரு பக்கமாக்கி, பூட்டைப் பிரித்து வைத்திருக்கும் அவன் கைகளின் படத்தை மேலே போட்டாள். முன்னுரை போடவில்லை. அதைப் பெரியவர் கவனிக்கவும் இல்லை; தளத்தில் அவர் படித்தது தம் முன்னுரையை மட்டும்தான்.

வாசலில் சாவி முறிந்து தவிப்பவர்கள் எந்த ஊரில்தான் இல்லை? தேடிய இடத்தில் அவன் பேச்சு கிடைத்தது. கதவைத் திறந்தார்கள், திறந்த கையோடு புதுப் பூட்டுக்கும் சொல்லி அனுப்பினார்கள். பட்டறைக்கு வந்த ஆர்டரில் பெரும்பகுதி அந்த வழியாக வந்தது. நிபுணர் அதையும் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பக்கங்களில் எது மூத்தது என்று தேடுபொறிக்கு எடுத்துச்சொல்ல வழி உண்டா என்று பெரியவர் கேட்டார். உண்டு. ஒன்றைப்போல ஒன்று இருக்கும் பக்கங்களில், ‘நான் நகல், மூலம் அது’ என்று உள்ளே ஒரு வரி எழுதி வைக்கலாம். படிக்கிறவருக்குத் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும்; அது மூலத்தை மட்டும் காட்டிவிட்டு நகலை விட்டுவிடும். ஆனால், என்று நிபுணர் இழுத்தார். பெரியவருக்கு ‘ஆனால்’ கேட்டுப் பழக்கமில்லை.

அவர் முடிவு சொன்னார். முன்னுரை எங்கும் இருந்தபடி இருக்கும். தம்பியின் பக்கத்திலும் இனி அதுதான் முதலில் வரும். கைகள் இருக்கும் இடத்தில் அப்பாவும் தாமும் நிற்கும் படம் வரும். தம்பி பேசியது மற்றப் பூட்டுகளைப்போல இரண்டு வரியாக அடிக்குப் போகும். எல்லாப் பக்கமும் பெரியவரின் பக்கத்தையே மூலம் என்று கைகாட்டும்.

“அதுதானே முறை,” என்றார் ஒத்து.

கடைக்குள் நின்றுகொண்டே ஷட்டரை இறக்குகிற வேலை இது என்று நிபுணர் சொல்லிப் பார்த்தார். கூலிக்கு வந்தவர் யோசனை சொல்லலாம், வீட்டு முறையைச் சொல்லித்தர வேண்டாம் என்று பதில் வந்தது.

சின்னவள் எழுந்து நின்றாள். “பெரியத்தான், மத்ததெல்லாம் உங்க இஷ்டம். இது ஒண்ணை மட்டும் விட்டுடுங்க. அவர் பேசினதுன்னு இருக்கறது இதுதான். இது போனா வர்ற ஆர்டரும் போயிடும்.”

பெரியவர் அவளைப் பார்க்கவில்லை. அப்பாவின் படத்தைப் பார்த்துச் சொன்னார்.

“உன் புருஷன் உசிரோட இருந்தப்ப எனக்கு முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்ததில்ல. செத்தப்புறம் எதுக்கு அந்தப் பழக்கம்?”

அவன் பேச்சை எடுத்துக்கொண்டு போய் வேறெங்காவது அவன் பேரில் போட்டுக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டாள். கம்பெனி சாப்பாடு சாப்பிட்டுப் படுத்துக்கொண்டு பேசினது கம்பெனிக்குச் சொந்தம் என்றார் பெரியவர். ஒத்து தலையாட்டினார். செத்தவன் அவருக்கும் தம்பிதான்.

நிபுணர் தாமே செய்துவிடுவதாக லேப்டாப்பை இழுத்தார்.

“வேண்டாம். போட்டவ கையாலேயே எடுக்கட்டும். இப்பவே, எல்லாருக்கும் முன்னாடி.”

சின்னவள் உட்கார்ந்தாள். படத்தை எடுத்தாள். முன்னுரையைப் பொருத்தினாள். கணவன் பேசியதைச் சுருக்கிச் சுருக்கி இரண்டு வரிக்குக் கொண்டுவந்தாள். கடைசியாக, இது நகல் என்று சொல்லும் வரியை உள்ளே எழுதினாள். பெரியவர் படித்துக் காட்டச் சொன்னார். படித்துக் காட்டினாள். குரல் பிசிறவில்லை. பெரியவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

“அழுத்தக்காரி,” என்றாள் முக்காலியில் இருந்தவள்.

நாளாக ஆகப் பலன் தெரிந்தது. கம்பெனியின் பெயரைத் தட்டினால் முதலில் பெரியவர் வந்தார். வந்தவர் போனவருக்கெல்லாம் ஃபோனைக் காட்டினார். அவருக்குக் கீழே தளத்தின் வேறு எந்தப் பக்கமும் வரவில்லை. அது மற்றப் பக்கங்களின் அடக்கமாக அவருக்குப் பட்டது. பெயர் தெரிந்தவர்தானே பெயரைத் தட்டுவார்? மற்றவர்கள் தட்டியது ‘முறிந்த சாவி’, ‘திறக்காத பூட்டு’. அவர்களுக்குப் போட்டிக் கடை வந்து பதில் சொன்னது. பட்டறையில் ஒவ்வொரு மேசையாகத் துணி போட்டு மூடினார்கள். கடைசல் இயந்திரத்தில் நின்ற மேஸ்திரி சொல்லிக்கொள்ளாமல் போனார். காலம் கெட்டுவிட்டது என்றார் பெரியவர். கெட்டுத்தான் போச்சு என்றார் ஒத்து.

ஒரு காலையில் கடை ஷட்டரின் சாவியே உள்ளே முறிந்தது. கம்பெனியின் சொந்தப் பூட்டு. தெரு வேடிக்கை பார்க்க, விற்பனையாள் ஃபோனில் தேடி, கிடைத்த பக்கத்தைப் படித்துப் படித்துத் தட்டினான். படித்தது போட்டிக் கடையின் பக்கம். எந்த இடத்தில் தட்டக் கூடாதோ அந்த இடத்தில் தட்டினான். சின்னவள் இரண்டடி தள்ளி, புடவைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று பெரியவருக்கும் தெரியும். அவர் கேட்கவில்லை. கேட்காமல் பேசும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ரம்பம் கொண்டுவந்து அறுத்தார்கள். அப்பா முதன்முதலில் செய்த பூட்டு அது. இரண்டு துண்டாக நடைபாதையில் விழுந்தது.

அதன் பிறகுதான் ஊரில் அந்தப் பேச்சு கிளம்பியது: புருஷன் பக்கத்தை மறைத்த ஆத்திரத்தில் சின்னவள் தளத்துக்குள் ஏதோ செய்து, குடும்பத்தையே பழிவாங்கிவிட்டாள். கேட்டவர்களுக்கு அவள்மேல் ஒரு மரியாதைகூட வந்தது. கம்பெனிக் கட்டடத்தை விலைக்குப் பேச வந்த இரும்புக்கடைக்காரர், பெரியவரின் மனம் நோகாமல் பேச நினைத்து அதையே எடுத்தார்.

“வீட்டுக்குள்ளயே ஆள் இருந்தா யார்தான் என்ன பண்ண முடியும் ஐயா? அந்தம்மா பண்ணின வேலையாமே.”

சின்னவள் அப்போது அலமாரியில் விற்காத பூட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“தப்பு. பழிவாங்க அவளுக்கு ஏது துணிச்சல்? நான் சொல்லாத ஒரு எழுத்து அதுல கிடையாது. சொன்னது நான், செஞ்சது அவ. இந்த வீட்டுல நான் சொல்லாம எதுவும் நடந்ததில்ல.”