நெற்றிக்கு மார்க் இல்லை

வெர்லன் ஸ்டக்கி முதன்முதலாகக் கைத்துப்பாக்கியைத் தொட்டபோது அவனுக்கு ஐம்பத்து மூன்று வயது. எங்கள் கான்சாஸ் பக்கம் இது வெளியே சொல்லக்கூடிய விஷயம் இல்லை. இங்கே பால்பல் விழுவதற்குள் பிள்ளைகள் மான் சுட்டிருக்கும். வேட்டைக்குக் கூப்பிட்டால் வெர்லன் ஒரே பதில்தான் சொல்வான்.

"வாரத்துல ஆறு நாள் சாவடிக்கிறேன். ஏழாம் நாளும் அதுக்கே காட்டுக்குப் போகணுமாடா?"

மாட்டிறைச்சித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் அவன்தான் முதல் ஆள். ஒற்றை மாடு கொள்ளும் இரும்புப் பெட்டிக்குள் மாடு வந்து நிற்கும். காற்றில் இயங்கும் துப்பாக்கியை அதன் நெற்றியில் வைத்து அழுத்துவான். இரும்புக் கம்பி ஒன்று பாய்ந்துவிட்டுத் திரும்பும். மாடு விழும். அடுத்த ஆள் நான், பின்னங்காலில் சங்கிலி மாட்டுபவன். அவன் குறி அரை அங்குலம் பிசகினால் அந்தக் கால் என் முகத்துக்கு வரும். பதினோரு வருடத்தில் ஒரு உதைகூட நான் வாங்கவில்லை.

மார்ச்சில் அவன் தோள் நரம்பு அறுந்தது. அந்தக் கனத்த துப்பாக்கியை இனித் தூக்க முடியாது என்று கம்பெனி ஒரு தொப்பியைக் கொடுத்து வேலையை விட்டு அனுப்பியது.

வங்கிப் பணம் ஏற்றும் வண்டியில் காவல் வேலை இருந்தது. சுடும் சான்றிதழோடு வந்தால் திங்கட்கிழமை சேரலாம், இல்லையென்றால் வேறு ஆள் தயாராக இருக்கிறான் என்றார்கள். ஐம்பது தோட்டாவில் முப்பத்தைந்து, குறியாக மாட்டிய காகித ஆளின் நெஞ்சில் பட வேண்டும். வெர்லன் புதுக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினான். சனிக்கிழமை காலை, எண்ணெய் வாசனை போகாத பெட்டியோடு, ஊருக்கு வெளியே பழைய ஜல்லிக் குழியில் இருந்த சுடுகளத்துக்கு என்னையும் கூட்டிப்போனான்.

சொல்லிக்கொடுப்பவள் லோர்னா ப்ரூட். ஷெரிஃப் ஆபீசில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவள்.

"எத்தனை வருஷமா சுடுற?"

"இருபத்திரண்டு," என்றான் வெர்லன். நான் தரையைப் பார்த்தேன்.

பரீட்சைக்கு முன் பத்து தோட்டா பழக்கத்துக்கு. அவனுக்குத் தெரியாமல் வெடிக்காத டம்மித் தோட்டா ஒன்றையும் லோர்னா சேர்த்து நிரப்பினாள். புதியவர்கள் சத்தத்துக்குப் பயந்து முன்னதாகவே கையைத் தாழ்த்துவார்கள். டம்மி வரும்போது அது காட்டிக்கொடுத்துவிடும். டம்மி வந்தது. 'டிக்' என்றது. துப்பாக்கி மயிரிழைகூட அசையவில்லை.

"முப்பது வருஷத்துல இப்படி ஒரு கையைப் பாத்ததில்ல," என்றாள் லோர்னா. பிறகு காகித ஆளைப் பார்த்தாள். நெஞ்சு சுத்தமாக இருந்தது. நெற்றியில் மட்டும் ஒரு முஷ்டி நுழையும் ஓட்டை. வெர்லனைத் தேடினாள். சுடுபவர் நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி அவன் நான்கு எட்டு முன்னால் நின்றிருந்தான்.

"யோவ்! எங்கய்யா போற? அவன்கிட்ட கைகுலுக்கப் போறியா?"

"தெரியல மேடம். காலு தானா போகுது."

"பரீட்சையில ஒரு எட்டு தாண்டினாலும் வீட்டுக்கு அனுப்பிடுவேன். தலைக்கு மார்க் கிடையாது. நெஞ்சுல அடி."

"நெஞ்சுல அடிச்சா எழுந்திரிச்சிடுமே மேடம்."

"எது எழுந்திரிக்கும்?"

 வெர்லனின் மாட்டு வேலையைப் பற்றி நான்தான் சொன்னேன். லோர்னா நெற்றி ஓட்டையை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு, "இருபத்திரண்டு வருஷம்னு சொன்னது பொய்னு சொல்ல முடியாது," என்றாள்.

"மேடம், அங்க பெட்டிக்கு முன்னாடி இடுப்பு உசரத்துல ஒரு இரும்புக் குழாய் இருக்கும்," என்றேன். "அதுல வயித்தை முட்டுக்கொடுத்துதான் நிப்பான். இங்க அது இல்ல. அதான் போய்க்கிட்டே இருக்கான்."

லோர்னா விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். முன்னால் எதுவும் இருக்கக் கூடாது என்று அதில் இல்லை. நானும் அவளுமாக இடுப்பு உயரமுள்ள ஒரு பழைய மர முக்காலியைத் தூக்கி வந்து அவன் முன்னால் போட்டோம். வெர்லன் வயிற்றை அதில் முட்டினான். தோள் இறங்கியது. கால் நின்றது.

பரீட்சையின் முதல் ஐந்து தோட்டா பழைய பழக்கத்தில் நெற்றிக்கே போய்விட்டன. "நெஞ்சு!" என்று கத்தினாள் லோர்னா. அதற்குப் பிறகு பட்டன. மூன்று கஜத்தில் இருபதுக்குப் பதினைந்து, ஏழு கஜத்தில் இருபதுக்குப் பதினாறு. பதினைந்து கஜத்தில் பத்துக்கு நாலேனும் பட்டாக வேண்டும். அவ்வளவு தூரத்தில் இருந்து எதையும் கொன்று பழக்கமில்லாதவன். முக்காலி அவன் எடையில் முனகியது. ஐந்து பட்டன.

"முப்பத்தாறு," என்று கையெழுத்துப் போட்டாள். "வண்டி வேலையில முக்காலி கிடையாது, ஞாபகம் இருக்கட்டும்."

"வண்டிக் கதவுல இடுப்பளவுக்கு ஒரு கம்பி இருக்கு மேடம். பாத்துட்டுத்தான் வந்தேன்."

இங்கே தேறியவர்கள் அந்தக் காகிதத்தைச் சுருட்டி எடுத்துப்போய் வீட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். தன் வண்டியில் ஏறியதும் வெர்லன் அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டான். நெஞ்சு முழுக்கச் சிதறிய ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தான்.

"திங்கக்கிழமை வேலை நிச்சயம்," என்றேன். "இன்னும் ஏன்டா மூஞ்சி தொங்குது?"

"இது எழுந்திரிச்சிருக்கும் க்ளெட். உனக்கு உதை விழுந்திருக்கும்."

காகிதத்தை இருக்கைக்குப் பின்னால் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான்.