சாகாத தோணிக்காரன்

அச்சான புத்தகத்தில் அந்தத் தோணிக்காரனுக்குப் பெயர் கிடையாது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியில் வருகிறான். வீரர்களை ஆற்றின் அக்கரையில் இறக்கிவிடுகிறான். அதோடு சரி. அவனை வில்லனாக்கியது எட்மண்ட்.

புத்தகம் ஒரு பெட்டியோடு சிங்கப்பூரிலிருந்து வந்தது. எட்மண்டின் நண்பன் சிட்டிபாபுவின் சித்தப்பா மகன், யாரோ வெள்ளைக்காரன் வீடு காலி செய்தபோது போட்டுவிட்டுப் போனது என்று கொண்டுவந்து கொடுத்தான். விளையாட்டுதான், ஆனால் பலகையும் இல்லை, சீட்டும் இல்லை. ஒருவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக இருந்து, கதவை உடைக்கிறேன், அம்பு விடுகிறேன் என்று சொல்ல வேண்டும். உடைந்ததா, பட்டதா என்பதை எண் சொல்லும். அதற்கு இருபது முகம் உள்ள பகடை வேண்டுமாம். பெட்டியில் அது இல்லை. பாரிமுனை வரை போய்க் கேட்டும் கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

எட்மண்டின் மனைவி ஹில்டாதான் வழி கண்டுபிடித்தாள். சர்ச் விழாவில் தம்போலா ஆடிய, எண் எழுதிய மரக்காய்களில் ஒன்றிலிருந்து இருபது வரை பொறுக்கி எடுத்தாள். ரவிக்கைத் துணியில் ஒரு சுருக்குப்பை தைத்து அதில் போட்டாள். கையை விட்டு ஒரு காய் எடுக்க வேண்டியது. பெரிய எண் வந்தால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எட்மண்டின் இரும்புலியூர் மாடி வீட்டில் ஆடினார்கள். எட்மண்ட் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியன். சிட்டிபாபுவும் தோத்தாத்ரியும் கல்லூரியில் அவனோடு படித்தவர்கள். சிட்டிபாபுவுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல், மணல், ஜல்லி வியாபாரம். தோத்தாத்ரி ரயில்வேயில் குமாஸ்தா. சிட்டிபாபுவின் வாள்வீரனுக்குச் சூரப்புலி என்று பெயர். தோத்தாத்ரியின் மந்திரவாதிக்குச் சோமதத்தர். ஹில்டா தன் வில்வீராங்கனைக்குக் கிளியம்மாள் என்று பெயர் வைத்தாள். கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாள் பெயர் அது. வடகத்துக்கு வரும் காக்கைகளைக் கல்லால் அடிப்பாள். ஒரு கல்லும் பட்டதில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில், தோணி நட்டாற்றில் இருக்கும்போது அன்றைய ஆட்டம் நின்றது. ஹில்டாவுக்குத் தலைவலி.

"அடுத்த வாரம் கரை சேத்துடுங்க. எனக்குத் தண்ணின்னா பயம்" என்றாள்.

தலைவலி காய்ச்சலானது. காய்ச்சல் மூளைக்குப் போனது. அடுத்த ஞாயிறு சர்ச்சில் அவளுக்கு அடக்க ஆராதனை நடந்தது.

எட்டு மாதம் பெட்டி அலமாரி மேல் கிடந்தது. பிறகு தோத்தாத்ரி ஒருநாள் கேட்காமல் வந்து அதை இறக்கித் தூசி தட்டினான். "ஸ்கூல், வீடு, ஸ்கூல்னு எத்தனை நாள்டா? கதையையாவது முடி" என்றான். ஹில்டாவின் தங்கை அமலராணி, கிளியம்மாளாகத் தான் இருப்பதாகச் சொன்னாள். எட்மண்ட் சரி என்றான். வேண்டாம் என்று சொல்ல அதிகம் பேச வேண்டியிருக்கும்.

புத்தகத்தில் ஏழு அத்தியாயங்கள். ஒரு ஆறு விஷமாகிவிட்டது. ஊற்றுக்கண்ணில் இருக்கும் கோட்டைக்குப் போய் அதன் அதிபதியைக் கொல்ல வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு எதிரி வருவான், அங்கேயே சாவான். ஏழாவதில் ஆறு தெளியும், வீரர்கள் வீடு திரும்புவார்கள். இப்படி ஆடினால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். முடிந்தால் கிளியம்மாளும் வீடு திரும்பிவிடுவாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமிருக்காது.

அந்த ஞாயிறு எட்மண்ட் தோணியைக் கரை சேர்க்கவில்லை. தோணிக்காரன் துடுப்பை நிறுத்தினான், திருப்பினான், இருட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போனான்.

அதன் பிறகு வேலை சுலபமாக இருந்தது. ரயிலில் போகும்போது அடுத்த அத்தியாயத்தைப் படிப்பான். தோணிக்காரன் எங்கே நிற்க முடியும் என்று பார்ப்பான். அச்சில் உள்ள எதையும் அடிக்க வேண்டியதில்லை. அரக்கன் புத்தகப்படியே சாவான், ஆனால் அவனுக்கு வாசலைத் திறந்துவிட்டவன் தோணிக்காரனாக இருப்பான். வைத்தியன் வீட்டில் அவன் முன்பே வந்து உட்கார்ந்திருப்பான். சிறைபட்ட இளவரசியின் அறைக்கு வெளியே நிற்பான். கத்தமாட்டான், மிரட்டமாட்டான். மரியாதையாக ஒரு வார்த்தை சொல்வான்: "கொஞ்சம் வெளியே இருங்க." கதவு சாத்திக்கொள்ளும். அவர்கள் உடைத்துக்கொண்டு உள்ளே போகும்போது காப்பாற்ற ஆள் இருக்காது.

முதல் தடவை அதைச் சொன்னபோது அமலராணி தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

தோணிக்காரனைக் கொல்ல ஒரு விதியும் போட்டான். அவன் இடுப்பில் ஒரு தாயத்து, இருபதாம் எண் காய் வந்தால்தான் ஆயுதம் ஏறும். இருபதாம் காயை எட்மண்ட் பையிலிருந்து எடுத்துவிட்டான். அது அவன் சட்டைப்பையில், ரயில் பாஸுக்குப் பின்னால் இருந்தது. திங்கட்கிழமைகளில் வேறு சட்டைக்கு மாற்றிக்கொள்வான்.

மாதங்கள் ஓடின. அமலராணிக்குத் தூத்துக்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறு அவள் கைநிறைய மருதாணியோடு வந்தாள்.

"இன்னிக்கு முடிச்சிடணும் அத்தான்" என்றாள். "அக்காவோட ஆளை நான் பாதியில விட்டுட்டுப் போக முடியாது. கரை சேத்துட்டுத்தான் போவேன்."

எட்மண்ட் புத்தகத்தைப் பிரித்தான். ஏழாம் அத்தியாயம்.

கோட்டை அதிபதி சீக்கிரமே செத்தான். சூரப்புலி அவன் தலையை வெட்டினான். சிட்டிபாபு எழுந்து நின்று கைதட்டினான். "கீழ வூட்டுக்கும் ஒரு டீ சொல்லு மச்சான். நம்ம ஆளு ராஜாவையே தூக்கிட்டான்!"

"ஆறு தெளியுது" என்றான் எட்மண்ட். அச்சில் இருந்த கடைசிப் பத்தி அதுதான். எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தை மூடினால் போதும்.

"படித்துறையில தோணிக்காரன் நிக்கறான்" என்றான்.

சிட்டிபாபு உட்கார்ந்தான். "ஐயோ, பேஜாரா கீதுபா இவன்கூட! ராஜா பூட்டான், பூதம் பூட்டுது, இவன் மட்டும் இன்னாத்துக்கு இன்னும் நின்னுகினு கீறான்?"

"அவனுக்கு என்னதான்டா வேணும்?" என்றான் தோத்தாத்ரி. "ஒரு மோட்டிவ் வேண்டாமா? கேட்டாலும் சொல்லமாட்டேங்கறான்."

"தெரியல" என்றான் எட்மண்ட்.

"நீதான நடத்தற!"

"தெரியலடா."

சண்டை தொடங்கியது. சூரப்புலி வெட்டினான், பதினொன்று வந்தது. சோமதத்தர் நெருப்பை ஏவினார், பதினெட்டு. மற்ற எவனாக இருந்தாலும் சாம்பலாகியிருப்பான். தோணிக்காரன் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றான். கிளியம்மாள் அம்பு விட்டாள், மூன்று. மறுபடி வெட்டு, மறுபடி நெருப்பு, மறுபடி அம்பு. மின்சாரம் போய் விசிறி நின்றது. பல்லாவரம் பக்கம் போகும் ரயில் ஒன்று கடந்தது. காய்கள் பைக்குள் போய் வந்துகொண்டிருந்தன. எட்மண்ட் ஒவ்வொரு தடவையும் "படல" என்றான்.

"இவன் எங்க ஏரியா கவுன்சிலர் மாதிரி" என்றான் சிட்டிபாபு, சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "யாராலயும் அசைக்க முடியாது. டேய், அந்தப் பைல இருபது கீதாடா மொதல்ல? இல்ல அதையும் தோணிக்காரன் தூக்கினு பூட்டானா?"

தோத்தாத்ரி சிரித்தான். அது வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் எட்மண்டின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விட்டது.

அமலராணி அந்தக் கையைப் பார்த்தாள். "அத்தான், பாக்கெட்ல என்ன?"

"பாஸ்."

அவள் சுருக்குப்பையை எடுத்துப் பாயில் கவிழ்த்தாள். மருதாணி விரலால் காய்களை வரிசையாகத் தள்ளினாள். பத்தொன்பதில் விரல் நின்றது.

எட்மண்ட் காயை எடுத்துப் பாயில் வைத்தான். வியர்வையில் சாயம் மங்கியிருந்தது, ஆனாலும் எண் தெரிந்தது.

"எல்லா வாரமுமா?" என்றான் தோத்தாத்ரி மெதுவாக. "நான் மழையில நனைஞ்சுண்டு வந்து, உக்காந்து பிளான் போட்டு... எல்லா வாரமுமாடா?"

எட்மண்ட் தலையசைத்தான்.

சிட்டிபாபு திட்டுவான் என்று எதிர்பார்த்தான். சிட்டிபாபு எழுந்துபோய் ஜன்னலருகே நின்றுகொண்டான். "கேட்டிருந்தா சாவாத வில்லன்னு நாங்களே வுட்டிருப்போமே மச்சான்" என்றான், திரும்பாமலே.

"எனக்குத் தெரியும்" என்றாள் அமலராணி.

"காய் இல்லன்னா?" என்றான் தோத்தாத்ரி.

"அது இல்ல. அவன் யாருன்னு. கொஞ்சம் வெளியே இருங்கன்னு சொல்றான்ல, அது அக்கா கிடந்த ஆஸ்பத்திரி டூட்டி டாக்டர். அப்படியேதான் சொன்னாரு, அவ்வளவு மரியாதையா. நானும் அந்தக் கதவுக்கு வெளியதான் நின்னேன்." அவள் எட்மண்டைப் பார்க்கவில்லை. "அவர் மேல தப்பில்ல அத்தான். அவருக்கும் ஒண்ணும் தெரியல."

"தெரியும்" என்றான் எட்மண்ட். டாக்டர் மேல் அவனுக்குக் கோபம் இருந்ததில்லை. கோபம் இருந்திருந்தால் தோணிக்காரனுக்கு ஒரு காரணம் கொடுத்திருப்பான்.

அவள் இருபதாம் காயை மற்றவற்றோடு பைக்குள் போட்டாள். வாயைச் சுருக்கி இரண்டு கையாலும் குலுக்கினாள்.

"கிளியம்மாள் கடைசி அம்பை எடுக்கறா. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

சிட்டிபாபு ஜன்னலிலிருந்து வந்து குந்தினான். தோத்தாத்ரி ஏதோ முணுமுணுத்தான், சுலோகமாக இருக்கலாம். எட்மண்ட் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வரட்டும் என்று நினைத்தான். ஹில்டா போன பிறகு அவன் நினைத்துக் கேட்ட முதல் காரியம் அது. வரட்டும், முடியட்டும், கரை ஏறட்டும்.

அமலராணி காயை எடுத்து உள்ளங்கையை விரித்தாள்.

நான்கு.

"இன்னொருவாட்டி எடு சிஸ்டர்" என்றான் சிட்டிபாபு உடனே. "இத்தினி நாள் அவன் ஏமாத்தினான்ல, அதுக்கு ஒண்ணு."

"இல்லண்ணா. அம்பு ஒண்ணுதான்."

மூவரும் எட்மண்டைப் பார்த்தார்கள். கதை நடத்துகிறவன் சொன்னதுதான் கதை. பட்டது என்று ஒரு வார்த்தை சொல்லலாம். இத்தனை வாரமாகப் பொய்யாட்டம் ஆடியவன், அந்த ஒரு பொய்யைச் சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள். அவன் வாயைத் திறந்தான். காய் அவள் உள்ளங்கையில் மருதாணிப் பூவின் நடுவில் இருந்தது. அதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"அம்பு தண்ணில விழுந்துச்சு" என்றான். "அவன் தோணியில ஏறிட்டான். போயிட்டான்."

"எங்க?"

"தெரியல."

டீ வந்தது, குடித்தார்கள். சிட்டிபாபு கல்யாணத்துக்கு வேன் ஏற்பாடு பற்றிப் பேசினான். தோத்தாத்ரிக்கு லீவு கிடைத்துவிட்டது. அமலராணி புறப்படும்போது ஹில்டா கிளியம்மாளைப் பற்றி எழுதிவைத்திருந்த தாளை எடுத்து, ஓரம் மடங்காமல் கைப்பைக்குள் வைத்தாள்.

"இவ எங்கூட வரட்டும் அத்தான். இங்க இருந்தா நீங்க இவளை ஆத்துலயே வச்சிருப்பீங்க."

எட்மண்ட் வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். "சரிம்மா" என்றான்.

மாடிப்படியில் சிட்டிபாபு திரும்பி, "வர்ற மாசம் ஒரு நாள் உக்காருவோம் மச்சான்" என்றான். மூன்று பேரும் அதை நம்பவில்லை.

எட்மண்ட் பாயில் உட்கார்ந்தான். புத்தகத்தில் அரக்கர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள். அதிபதி செத்துவிட்டான். வீரர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தோணிக்காரன் மட்டும் இருந்தான். அவன் அந்த ஒரு வரிக்கு மேல் எந்தப் பக்கத்திலும் அச்சாகாதவன், எனவே புத்தகத்தோடு மூடி வைக்கவும் முடியாதவன். இனி அவனைக் கொல்ல வருவதற்கும் ஆள் இல்லை. முடியாத கதை ஒன்று வேண்டுமென்றுதான் அவனை உண்டாக்கினான். கதை முடியவில்லை.

காய்களைப் பைக்குள் போட்டான். இருபதையும் போட்டான். சட்டைப்பை லேசாக இருந்தது.

கீழே வீட்டுக்காரக் கிளியம்மாள் காக்கையை ஏசிக்கொண்டிருந்தாள். ஒரு கல் தகரத்தில் விழுந்து உருண்டது. காக்கை கரைந்துகொண்டே இருந்தது.