பெயர் சொல்லாத வேண்டுதல்

கணவனை இழந்த ஆண்டு, வயிற்றில் பிள்ளையோடு, ஆனைமலை மாசாணியம்மனின் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசினாள் முத்தாத்தாள். வெட்டியவனின் பெயரைச் சொல்லவும் நாக்குக் கூசியது. "அருவா எடுத்துக் கொன்னவன் கழுத்துல கவுறு ஏறோணும்" என்று மட்டும் வேண்டினாள்.

கயிறு ஏறவில்லை. வாய்க்கால் தண்ணீருக்காக வெட்டிய குப்பண்ணனுக்கு ஆயுள் தண்டனையே கிடைத்தது. அதைக் கழித்து வந்து, கேரள எல்லையில் அவர்கள் ஊரான மீனாட்சிபுரத்திலேயே மாடு மேய்த்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அதே வாய்க்கால், அதே தகராறு. இம்முறை அரிவாள் எடுத்து ஒருவனைக் கொன்றவன் அவள் மகன் காளிச்சாமி. அவனுக்குத் தூக்கு. தீர்ப்பு வந்த நாள் முதல் அவள் உள்ளங்கை எரிந்தது. எத்தனை கழுவியும் மிளகாய் நெடி அகலவில்லை.

கொழிஞ்சாம்பாறை வக்கீல் ஈஸ்வரமூர்த்தி வழி சொன்னார்.

"கொலைக்குத் தூக்கு, இல்லீன்னா ஆயுள்னு சட்டம் சொல்லுதுங்க ஆத்தா. ஆருக்கு எதுன்னு ஒரு வரி இல்லை. இது அரசியல் சட்டத்துச் சமத்துவத்துக்கே விரோதம்னு மனுப் போடலாம். அதே வாய்க்கால் கொலைக்குக் குப்பண்ணனுக்கு ஆயுள் குடுத்தது நியாயம்னு நீங்க சத்தியம் பண்ணோணும்."

"அம்மன்கிட்ட கவுறு கேட்டுப்போட்டு, கோர்ட்டுல மாத்திச் சொல்லட்டுங்களா?"

"ஆரு பேரைச் சொல்லிக் கேட்டீங்க?"

அவள் எரியும் உள்ளங்கையை முந்தானையில் துடைத்தாள்.

"பேரே சொல்லலீங்களா? அப்ப உங்க அம்மனும் நம்ம சட்டமும் ஒரே வகையறாதான். கைக்குச் சிக்குனவனைத்தான் புடிக்கும்." சிரித்தவர், அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சத்தியத் தாளில், அத்தனை ஆண்டு வைராக்கியத்தின் மேல், அவள் பெருவிரல் பதித்தாள்.

நீதிபதியின் விவேகமே போதிய காவல் என்று மனுவைத் தள்ளியது மேல்நீதிமன்றம். ஒருவரின் விவேகம் குப்பண்ணனுக்குக் கஞ்சி வார்த்தது. இன்னொருவரின் விவேகம் காளிச்சாமிக்குக் கயிறு திரித்தது. இரண்டுக்கும் பெயர் நீதி.

கண்ணூர்ச் சிறையில் எல்லாம் முடிந்த மறுவாரம், முத்தாத்தாள் எண்ணெய்ப் பாத்திரத்தோடு சாலையில் நின்றாள். மாடுகளை ஓட்டிவந்த குப்பண்ணன் தயங்கி நின்றான்.

"எங்கீங்க அம்மிணி?"

"ஆனைமலைக்கு. வேண்டுனது பலிச்சா எண்ணெய் வாத்துக் கல்லைக் குளுர வெக்கோணுமல்ல."

குப்பண்ணனின் கை தன் கழுத்துக்குப் போயிற்று. "அது என் கழுத்துக்கு வேண்டுனதுங்க."

"பேரு சொல்லலையே."

பொள்ளாச்சிப் பேருந்து வந்தது. அவளுக்காக அவன்தான் கைகாட்டி நிறுத்தினான். ஏறி அமர்ந்தவளின் விரல்களில் எண்ணெய் வழிந்தது. எரிச்சல் அடங்கவில்லை.