தட்டுப்பாடு யாருக்கு

“சார், பாத்ரூம் சாவி குடுங்க.”

சரண்யாதேவி கேட்டதும் ஆபீஸ் ரூமில் பேச்சு நின்றது. பைபாஸ் ரோட்டு மாடியில் இருந்த அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் அவள் சேர்ந்த அன்றே, சீனியர் டீச்சர் சாவித்ரி காதில் போட்டுவைத்திருந்தாள்: “எதை வேணாக் கேளு. சார்கிட்டச் சாவி மட்டும் கேட்றாத. ஒம்பது வருசமா நானே கேட்டதில்ல.”

அங்கே டீச்சர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. கொண்டுவந்த பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பும். சரண்யாவுக்கு இந்த வருஷம் இரண்டாவது முறையாக நீர்க்கடுப்பு. அடிவயிறு எரிந்தது.

ஓனர் கிரிதரன் சிரித்தார். “தண்ணி எம்புட்டு ஸ்கேர்ஸ்னு தெரியாதாம்மா? இன்னைக்கு உன் பாடமே அதான? போய் நடத்து.”

பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

கப்பலூரில் லேத் ஓட்டும் முத்திருளன் கேட்டார். “ரேர்னாலும் கெடைக்காது, ஸ்கேர்ஸ்னாலும் கெடைக்காது. பெறகு எதுக்கு மேடம் ரெண்டு வார்த்தை?”

“அண்ணே, குறிஞ்சிப்பூ ரேர். அது பூக்காட்டி யாரும் சாகப்போறதில்ல. அன்னாடம் வேணுங்கிறது தேவைக்குக் காணலைன்னா ஸ்கேர்ஸ்.”

“அப்ப எங்க ஷிஃப்ட்ல லீவு ஸ்கேர்ஸ்!”

வகுப்பே சிரித்தது.

“அதேதான். ஆனா யாருக்குக் காணலைன்னு சேத்துச் சொல்லணும். இங்க டீச்சருக்கு பாத்ரூம் ஸ்கேர்ஸ். சாருக்கு இல்ல. எழுதிக்கங்க.”

எழுதினார்கள். வாசலில் நின்ற கிரிதரன் அவளை வெளியே கூப்பிட்டார். குரல் உயரவில்லை.

“போன விளம்பரத்துக்கு நாப்பது பேரு வந்தாக. எல்லாம் டிகிரி. டீச்சர் இங்க ஸ்கேர்ஸே இல்லம்மா.”

பொய்யில்லை. அதுதான் சுருக்கென்றது. சமயநல்லூரில் அவள் தெருவுக்கே முதல் பட்டம் அவளுடையது. அப்பா மூட்டை தூக்கிப் படிக்கவைத்த பட்டம். தெருவுக்குத்தான் அது அதிசயம்.

பிறகு அவர் சாவியை நீட்டினார். “இந்தா, நீ மட்டும் போய்ட்டு வா. மத்தவகளுக்குத் தெரிய வேணாம்.”

வாங்கினாள். வீறாப்புக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. உள்ளே இரண்டு நீல டிரம், விளிம்பு தட்டத் தண்ணீர். ரெண்டு மக் போதும் என்ற இடத்தில் பத்து மக் ஊற்றினாள். இனி இந்தப் படி ஏறுவதில்லை என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

வெளியே வந்து, சாவியைச் சாவித்ரி கையில் வைத்தாள். “போய்ட்டு வாங்கக்கா. ரெண்டு டிரம் நெறையா இருக்கு.”

சாவித்ரி கால்மாற்றி நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. சாவியைச் சுடுபாத்திரம்போல நுனியில் பிடித்துக்கொண்டுபோய் சார் மேஜைமேல் வைத்தாள்.

“எனக்கு ஒண்ணும் அவசரமில்லப்பா.”

சரண்யா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“நாப்பது பேர்ல ஒருத்தியக் கூப்பிட்டுக்கங்க சார். வாரேன்னு சொல்ல மாட்டேன். போறேன்.”

பதிலுக்கு நிற்காமல் படியிறங்கினாள்.