வடக்குக் கூடத்துக்கு வந்த கடைசி வண்டி

ரயிலடியில் கிடந்த பெட்டிகளைப் பார்த்ததும் வண்டிக்கார ஜாபஸுக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொன்றும் சவப்பெட்டியை விட நீளம்.

"யாருப்பா இவ்வளவு உசரமா செத்தது?"

"உங்க கோயில் வாத்தியக் கச்சேரிதான்," என்றான் போர்ட்டர். "உள்ள இருக்கறது ஆர்கன் குழாய். உங்க கோயிலுக்கு."

அந்தக் குளிர்காலம் முழுக்க, வயலில் பொறுக்கிய சக்கிமுக்கிக் கற்களை ஜாபஸ் கூலியில்லாமல் கோயிலுக்கு இழுத்திருந்தான். நாற்பத்து மூன்று நடை. வடக்குச் சுவரை உடைத்துப் புதுக் கூடம் கட்டினார்கள். அதன் கிழக்கு மூலையில் ஏன் ஜன்னல் வைக்கவில்லை என்பது இப்போதுதான் புரிந்தது: ஆர்கனை நிறுத்தத்தான்.

பலிபீடப் பக்கம் பாதிரியாரின் பொறுப்பு, ஜனங்கள் உட்காரும் பக்கம் ஊரின் பொறுப்பு. அதனால் கட்டட வேலைக்கு ஊர்க்கூட்டத்தின் சம்மதம் வேண்டியிருந்தது. கூட்டத்தில் சம்மதப் பத்திரத்தைப் படித்தவன் கோயில் காரியஸ்தன் சைலஸ். எழுத்தறியாத ஜாபஸ் முதல் ஆளாகச் சிலுவைக் குறி போட்டான். கோயிலுக்குள் மேற்குச் சுவரோரம் இருந்த மர மாடியில் இருபது வருஷம் இவனுடைய செல்லோவும் சைலஸின் வயலினும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஞானப்பாட்டுக்கு ஒலித்தவை. பத்திரத்தை அவன் படித்துக் காட்டினால் போதாதா?

ஆர்கன் வந்தால் வரட்டும், மாடி இருந்தால் சரி என்று பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வழி நெடுக நினைத்துக்கொண்டே கோயிலுக்கு வந்தான்.

மாடி இல்லை. அதன் பலகைகள் கல்லறைகள்மேல் சாய்ந்து கிடந்தன. செல்லோ ஞானஸ்நானத் தொட்டியில் சாத்தியிருந்தது.

"நான்தான் பத்திரமா இறக்கி வெச்சேன் ஜாபஸ்," என்றான் சைலஸ்.

"மாடிய எடுக்க யாருய்யா சொன்னது?"

"பத்திரத்துல இருந்துச்சு. நீயும் குறி போட்டிருக்க."

"நீ படிச்ச, நான் கேட்டேன். மாடியப் பத்தி ஒரு வார்த்தை வரலையே!"

சைலஸ் தொப்பியைக் கையில் திருகினான். "அந்த ஒரு வரிய விட்டுட்டேன். படிச்சிருந்தா நீ வண்டி பூட்டியிருப்பியா?"

"ஆர்கன் யாரு வாசிக்கப் போறா?"

"என் மக."

ஜாபஸ் பெட்டிகளைத் தொடவில்லை. கொத்தனார்களே இறக்கினார்கள். அவன் செல்லோவை வண்டியில் வைக்கோல்மேல் படுக்க வைத்துச் சாக்கால் மூடினான்.

"ஞாயித்துக்கிழமை வருவேல்ல?" சைலஸ் வாசல்வரை வந்து கேட்டான்.

"நாப்பத்து மூணு வண்டிக் கல்லு உள்ள இருக்கு," என்றான் ஜாபஸ். "உன் மக வாசிக்கறத அதுங்க கேக்கும், போ."